இத்தாலியக் கடையில் வாங்கவும் திருப்பிக் கொடுக்கவும் தேவைப்படும் பேச்சு

இத்தாலியில் வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பது எளிதாக முடியுமா என்பது காசு கொடுப்பதற்கு முன்பே பாதி முடிவாகிவிடும். மனசு மாறிவிட்டது என்பதற்காகக் கடைக்காரர் பொருளைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று இங்கே சட்டம் இல்லை. பெரிய கடைகள் தாமாகவே சில வாரம் அவகாசம் தருகின்றன. சின்னக் கடைகளில் அது முதலாளியின் விருப்பம். அதனால் கல்லாவில் நிற்கும்போதே கேட்டுவிடுங்கள்: “என்த்ரோ க்வான்த்தி ஜோர்னி போஸ்ஸோ காம்பியார்லோ?” எத்தனை நாளுக்குள் மாற்றலாம் என்று பொருள். அடுத்து, “ரிம்போர்ஸோ ஓ புவோனோ?” பணமாகத் தருவார்களா, அதே கடையில் செலவழிக்கும் சீட்டாகவா என்பது இதில் தெரிந்துவிடும். சீட்டுதான் என்றால் “க்வாந்தோ ஸ்காதெ?” என்று அது எப்போது காலாவதியாகும் என்பதையும் கேளுங்கள்.

கடைக்குள் நுழைந்ததும் “புவொன்ஜோர்னோ”, மாலையானால் “புவொனஸேரா”. வணக்கம் சொல்லாமல் நேராகத் துணியைப் புரட்டினால் முகம் சுளிப்பார்கள். போட்டுப் பார்க்க “போஸ்ஸோ ப்ரொவார்லோ?”, உடை மாற்றும் அறை “காமெரீனோ”. அளவுக்கு உடையில் “தால்யா”, செருப்பில் “நூமெரோ”. இறுக்கமாக இருந்தால் “மி ஸ்தா ஸ்த்ரெத்தோ”, தொளதொளவென்றால் “லார்கோ”. பெரிய அளவு வேண்டுமானால் “செ உனா தால்யா ப்யூ க்ராந்தெ?” பெண்கள் உடையில் இத்தாலிய 42 என்பது பிரிட்டிஷ் 10, பிரெஞ்சு 38-உம் அதுவே. ஒரே சட்டையில் இரண்டு எண்ணும் அச்சாகியிருந்தால் குழம்ப வேண்டாம்.

ரசீதுக்கு “ஸ்கொன்த்ரீனோ” என்று பெயர். வெப்பத்தாளில் அச்சாவதால் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும். அன்றே படம் எடுத்து வையுங்கள். தொலைந்துபோனாலும் அட்டையில் கட்டிய வங்கிக் கணக்குப் பதிவை வாங்கியதற்குச் சான்றாகக் காட்டலாம். பரிசுக்கு வாங்கினால் “ஸ்கொன்த்ரீனோ தி கொர்தெஸீயா” கேளுங்கள்: விலை அச்சாகாத ரசீது, வாங்கிக்கொள்பவரே போய் மாற்றிக்கொள்ளலாம்.

அளவு சரியில்லாத சட்டையோடு திரும்பப் போனால், “வொர்ரெய் காம்பியாரெ க்வெஸ்தா காமீச்சா, லா தால்யா நோன் வா பேனெ.” இந்தச் சட்டையை மாற்ற விரும்புகிறேன், அளவு சரியில்லை என்று பொருள். விலைச்சீட்டு, அதாவது “கார்த்தெல்லீனோ”, அறுபடாமல் இருக்க வேண்டும். இது அவர்கள் செய்யும் உதவி என்பதால் மென்மையாகக் கேட்பதே நல்லது.

பொருளில் குறை இருந்தால் கதையே வேறு. அப்போது மாற்ற விரும்புகிறேன் என்று தொடங்காதீர்கள். கடையின் சொந்த விதியைக் காட்டி, நாள் கடந்துவிட்டது என்று அனுப்பிவிடுவார்கள். “எ திஃபெத்தோஸோ” (குறையுள்ளது) அல்லது “நோன் ஃபுன்ட்ஸியோனா” (வேலை செய்யவில்லை) என்று தொடங்குங்கள். 2005-ஆம் ஆண்டின் நுகர்வோர் சட்டத் தொகுப்பின்படி, பொருள் கைக்கு வந்ததிலிருந்து 2 ஆண்டு வரை வெளிப்படும் குறைக்கு விற்றவரே பொறுப்பு. முதல் ஆண்டுக்குள் தெரிந்த குறை தொடக்கத்திலேயே இருந்ததாகத்தான் கொள்ளப்படும். இல்லை என்றால் அதைக் கடைக்காரர் நிரூபிக்க வேண்டும்.

அடிக்கடி வரும் பதில், தயாரிப்பாளரின் சர்வீஸ் சென்டருக்குப் போங்கள் என்பது. அதற்கு “லா கரான்ட்ஸீயா லெகாலெ எ ஆ காரிகோ தெல் வென்தித்தோரெ” என்று நிதானமாகச் சொல்லுங்கள்: சட்டப்படியான உத்தரவாதம் விற்றவர் பொறுப்பு. எடுத்த எடுப்பில் பணத்தைக் கேட்காதீர்கள். முதலில் பழுதுபார்ப்பு (“ரிபராட்ஸியோனெ”) அல்லது வேறு பொருள் (“ஸொஸ்தித்துட்ஸியோனெ”). இரண்டில் எது என்பதை, அது முடியாததாகவோ மிதமிஞ்சிய செலவாகவோ இல்லாதவரை, நீங்களே தேர்ந்தெடுக்கலாம். அது நடக்காதபோதுதான் விலைக்குறைப்பும் பணமும்.

ஜனவரியிலும் ஜூலையிலும் தள்ளுபடிக் காலம், “சால்தி”. அப்போது தள்ளுபடித் துணி மாற்றப்படாது என்று பலகை தொங்கும். அளவுக்கும் நிறத்துக்கும் அது செல்லும். கிழிந்த தையலுக்குச் செல்லாது. இணையத்தில் வாங்கியதற்கு மட்டும் கைக்கு வந்த 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் விலகலாம், “ரெச்சேஸ்ஸோ” என்பது அந்த உரிமை. அளவெடுத்துத் தைத்த உடைக்கு அது கிடையாது.