கல்லடியில் கூட்டெரு முற்றம் அமைத்தபோது பட்டவை

எமது விண்ணப்பத்தின் தலைப்பில் "உணவுக் கழிவு சேகரிப்பு நிலையம் அமைத்தல்" என்று எழுதியிருந்தோம். அந்த ஒரு வரியால் எட்டு மாதங்களை இழந்தோம். மட்டக்களப்பின் கல்லடியில் நான் செயலாளராக இருக்கும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமும், ஐந்து சாப்பாட்டுக் கடைகளும், ஒரு கோயிலின் அன்னதானக் குழுவும், அருகிலுள்ள பாடசாலையின் விவசாயக் கழகமும் சேர்ந்து கூட்டெரு தயாரிப்பது என்று முடிவெடுத்தபோது, கழிவை நாற்றமில்லாமல் உக்கவைப்பதுதான் கடினமான வேலையாக இருக்கும் என்று நினைத்தோம். உக்கவைக்கும் வேலை தொடங்குவதற்கு முன்பே ஒரு வருடத்தின் பெரும்பகுதி கடதாசி வேலையில் கழிந்துவிடும் என்று எவரும் சொல்லவில்லை. இனித் தொடங்குவோருக்காவது அது தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இந்த எண்ணம் 2021 இல் தோன்றியது. இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டிருந்த அந்தப் போகத்தில், கூட்டெரு என்று சொல்லி விற்கப்பட்ட இரண்டு மூட்டைகளை எனது வீட்டுத் தோட்டத்துக்கு வாங்கினேன். சலித்துப் பார்த்தபோது பாதிக்கு மேல் மணலாக இருந்தது. கல்லடி மணலில் கத்தரி வளர்க்கப் பாடுபடும் ஒருவருக்கு, அதே மணலைக் காசு கொடுத்து வாங்கியது எவ்வளவு வலித்திருக்கும் என்பதை இங்குள்ளவர்கள் அறிவார்கள். அதே வாரத்தில், சாப்பாட்டுக் கடைகளின் பின்புறத்தில் மரக்கறித் தோலும் மிஞ்சிய சோறும் வாளி வாளியாக வீணாகிக் கிடந்ததையும் பார்த்தேன்.

சங்கக் கட்டடத்தின் பின்னால் பத்துப் பேர்ச்சஸ் அளவில் பயன்படுத்தப்படாத அரச காணி இருந்தது. அதைப் பயன்படுத்த அனுமதி கேட்டுத்தான் முதல் விண்ணப்பத்தைக் கொடுத்தோம். காணியைக் கவனிக்கும் அலுவலகத்தின் எழுதுவினைஞர் தலைப்பைப் பார்த்தவுடனேயே, "கழிவென்றால் அது எங்கட வேலை இல்லை, அக்கா" என்று கோவையைத் திருப்பித் தந்துவிட்டார். கழிவைக் கவனிக்கும் இடத்துக்குப் போனால், காணி தங்களுடையது அல்ல என்றார்கள். மூன்றாவது முறை போனபோது பொறுப்பான உத்தியோகத்தர் வெளிக்களத்தில் இருந்தார். நான்காவது முறை, அயலவர்கள் எழுத்தில் தரும் சம்மதமும் தேவை என்று புதிதாகச் சொன்னார்கள். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் மூன்று பயணங்கள் மிஞ்சியிருக்கும்.

அயலவரிடம் போனபோதுதான் அந்தத் தலைப்பு எவ்வளவு பெரிய தவறு என்பது முழுமையாக விளங்கியது. 2017 ஏப்ரல் 14 அன்று, புத்தாண்டு நாளில், கொழும்பின் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள்தான் எல்லோரும். பக்கத்து வீட்டு அம்மா கடிதத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "மகள், குப்பைமேட்ட எங்கட வாசலுக்குக் கொண்டு வராதீங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. கழிவைச் சேகரிக்கப்போகிறோம் என்று எழுதியவர்கள் நாங்கள். என்ன செய்யப்போகிறோம், எவ்வளவு செய்யப்போகிறோம், எத்தனை நாள் அது அங்கே கிடக்கும் என்ற எதையும் நாங்கள் எழுதவில்லை.

எங்களைக் காப்பாற்றியவர் வேறொரு பிரிவில் பணியாற்றிய இளம் உத்தியோகத்தர் ஒருவர். கோவையைப் பத்து நிமிடம் பொறுமையாக வாசித்துவிட்டு, "மிஸ், நீங்கள் செய்யப்போவது பசளை; அதை முதலில் எழுதுங்கள்" என்றார். "வீட்டுத் தோட்டங்களுக்கான கூட்டெருத் தயாரிப்பு அலகு" என்று தலைப்பை மாற்றி, நாளொன்றுக்கு 60 கிலோவுக்கு மேல் ஏற்கமாட்டோம் என்ற உறுதியையும், கூட்டாளிகள் ஒவ்வொருவரின் கடிதத்தையும், காணியின் கைவரைபடத்தையும் இணைத்துக் கொடுத்தோம். மூன்று வாரங்களில் அனுமதி வந்தது. ஒரு விடயத்தை மறக்க வேண்டாம்: எந்தக் கடிதத்தைக் கொடுத்தாலும் இரண்டாவது பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். எங்களது முதல் கோவை காணாமற்போனபோது, கொடுத்ததற்கான ஒரே சான்றாக எங்களிடம் இருந்தது ஒரு முத்திரைதான்.

பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் பார்வையிடல் ஒரே காலையில் முடிந்தது. மூடியுள்ள வாளிகளும் கழிவுநீர் வழிந்தோடாத தரையும் வேண்டும் என்றார், செய்தோம்.

கடைகளுடனான உடன்பாட்டை வாய்ப்பேச்சில் விட்டது அடுத்த தவறு. முதல் இரண்டு வாரங்கள் உக்கும் கழிவு அழகாகத் தரம் பிரிந்து வந்தது. பிறகு ஒரு கடையில் சமையலறைப் பையன்கள் மாறினார்கள். வாளிக்குள் மசாலாப் பக்கெற்றும், பல்குத்தும் குச்சியும், சோற்றுப் பொதி கட்டும் மெல்லிய பிளாஸ்டிக் தாளான லஞ்ச் ஷீட்டும் வரத் தொடங்கின. லஞ்ச் ஷீட் 2017 செப்டெம்பரிலேயே தடைசெய்யப்பட்ட பொருள்; ஆனாலும் எமது சல்லடையில் மிக அதிகமாகச் சிக்குவது அதன் துண்டுகள்தான். ஒரு மாதக் குவியலை நான்கு பெண்கள் கையால் பொறுக்க வேண்டியதாயிற்று. அதன் பின்னரே ஒரு பக்கத்தில் ஓர் ஒப்பந்தம் எழுதினோம்: வாளியைக் கழுவுவது யார், எத்தனை மணிக்கு எடுப்பது, எவை வாளிக்குள் வரக்கூடாது, வந்தால் வாளி அப்படியே திரும்பும் என்பன அதில் இருந்தன. முதலாளிமார்களுடன் உட்கார்ந்து பேசியபோது, நாங்கள் பெருமையாக முன்வைத்த "மாதம் ஒரு மூட்டை பசளை இலவசம்" என்ற சலுகையை அவர்கள் பொருட்படுத்தவே இல்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது, இலையான் மொய்ப்பதற்கு முன்னர், பகல் சாப்பாட்டுக் கூட்டம் வருவதற்கு முன்னர், வாளி போய்விட வேண்டும் என்பது மட்டுமே. காலை பத்து மணி என்று எழுதினோம். அந்த நேரத்தைத் தவறாமல் காத்தபோது, தரம் பிரிக்கும் ஒழுங்கும் தானாகவே திரும்பி வந்தது.

மழைக்காலம் பற்றி மனம் ஆறாமல்தான் எழுதுகிறேன். கையேடு ஒன்றில் சொல்லியிருந்தபடி, ஆடி மாதத்தில் மூன்றடி ஆழத்தில் குழிகள் வெட்டினோம். வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் இந்த மணல்திட்டில், வடகீழ்ப் பருவமழை தொடங்கினால் நிலத்தடி நீர் எவ்வளவு மேலே வரும் என்பதை வேறொரு நிலத்துக்காக எழுதப்பட்ட கையேடு சொல்லாது. இங்கே பிறந்து வளர்ந்த நாங்கள் அதை நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். கார்த்திகையில் குழிகளில் நீர் ஊறி நிறைந்தது. காற்றுப் புகாத கழிவு அழுகி, பக்கத்து வீட்டு அம்மா எதற்கு அஞ்சினாரோ அந்த நாற்றமே எழுந்தது. இரண்டு நாட்களாக ஓட்டோவில் ஈரக் கழிவை ஏற்றி அகற்றினோம். அந்த அம்மாவிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன்.

இப்போது குழி இல்லை. கொங்கிறீட் கல் அடுக்கி ஓரடி உயர்த்திய தளத்தில், தகரக் கூரையின் கீழ், மூங்கில் தட்டிக்குள் குவியலாகவே போடுகிறோம். ஒரு வாளி உணவுக் கழிவுக்கு மூன்று வாளி காய்ந்த பொருள் என்பது எமது அளவு. உணவுக் கழிவில் தழைச்சத்து (நைதரசன்) கூடுதலாகவும் காபன் குறைவாகவும் இருப்பதால், காய்ந்தது குறைந்தால் அமோனியா மணம் முதலில் காட்டிக்கொடுத்துவிடும். சருகு மழைக்காலத்தில் கிடைக்காது. ஆகவே வாவிக்கு மேற்கேயுள்ள வயற்பகுதியான படுவான்கரையிலிருந்து வைக்கோலையும், தச்சுப்பட்டறையிலிருந்து மரத்தூளையும் புரட்டாதிக்கு முன்னரே உரப்பைகளில் கட்டி, நனையாத இடத்தில் அடுக்கிவிடுகிறோம். மீன் தலைகளைக் குவியலின் நடுவில் புதைத்து, மேலே மரத்தூள் மூடினால் காகமும் நாயும் வராது. ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் கை ஈரமாக வேண்டும், நீர் சொட்டக் கூடாது.

புதிய தளத்தில் முதல் குவியலைப் போட்ட ஐந்தாம் நாள், பாடசாலைப் பிள்ளைகள் நீண்ட வெப்பமானியை நடுவில் செருகியபோது அது 61 பாகை காட்டியது. 55 பாகைக்கு மேல் சில நாட்கள் நின்றால் நோய்க்கிருமிகளும் களை விதைகளும் அழியும் என்பதை அவர்கள் பாடத்தில் படித்திருந்தார்கள். அவர்களின் கூச்சலைக் கேட்டு ஒழுங்கையே எட்டிப் பார்த்தது. எனக்குக் கண் கலங்கியது.

விற்பனை பற்றி ஒரு எச்சரிக்கை. உறுப்பினர்களுக்குள் பகிர்வது வேறு, பெயர் ஒட்டிய பையில் விற்பது வேறு. பசளை விற்பனை 1988 ஆம் ஆண்டின் 68 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வருகிறது. கூட்டெருவுக்கென இலங்கைத் தரநிர்ணயமும் (எஸ்எல்எஸ்) உண்டு. இதை அறியாமல் ஐந்நூறு பைகளில் பெயரை அச்சிட்டு, அந்தப் பணத்தை இழந்தோம். முதலில் ஆய்வுகூடப் பரிசோதனை, பிறகு அனுமதி, கடைசியாகத்தான் பை. எமது மாதிரியின் பெறுபேறு இன்னும் வரவில்லை. அதுவரை பசளை உறுப்பினர்களின் தோட்டங்களுக்கும் பாடசாலைப் பாத்திகளுக்கும் போகிறது. சென்ற வாரம் பக்கத்து வீட்டு அம்மா முதன்முறையாக ஒரு வாளி கேட்டு வாங்கி, தனது முருங்கையடியில் போட்டார்.

காணி அனுமதி வருகிற மார்கழியுடன் முடிவடைகிறது. புதுப்பிக்கும் விண்ணப்பத்தை இப்போதே தயாரித்துவிட்டோம். தலைப்பை மூன்று பேர் வாசித்துப் பார்த்தார்கள்.