60 அடி பேனரும் 227 அங்குல எல்லையும்

விசிட்டிங் கார்டு, நோட்டீஸ், புத்தக அட்டை என்று கைக்குள் அடங்குகிற வேலைகளையே பல வருடம் செய்து பழகியவன் நான். அதுவரை செய்ததில் பெரியது, ஆள் உயரத்துக்கு நிற்கும் ஒரு ஸ்டாண்டி. அப்படிப்பட்டவனிடம் ஒரு கட்டடத்தின் முன்சுவரை முழுக்க மறைக்க 60 அடி அகலம், 20 அடி உயரத்தில் பேனர் வேண்டும் என்று வந்தார்கள். யோசிக்காமல் சரி என்று சொல்லிவிட்டேன். தாள்தான் பெரிசு, வேலை அதேதானே என்ற நினைப்பு.

60 அடி என்றால் 720 அங்குலம். என்னிடம் இருந்தது இல்லஸ்ட்ரேட்டர் என்ற வரைகலை மென்பொருளின் பழைய பதிப்பு. புது ஃபைலில் அகலம் 720 என்று அடித்தேன், ஏற்கவில்லை. 500 அடித்தேன், 300 அடித்தேன். பேரம் பேசுகிற மாதிரி இறங்கி இறங்கி வந்து 227இல்தான் ஒத்துக்கொண்டது. அதன் எல்லை 16,383 பாயின்ட். ஓர் அங்குலத்துக்கு 72 பாயின்ட் என்று வகுத்தால் 227.54 அங்குலம், அதாவது 19 அடிக்கும் கொஞ்சம் கம்மி. 2ஐ 14 முறை பெருக்கினால் 16,384 வரும். அதில் ஒன்றைக் கழித்த எண் இது. இந்த மாதிரி எண்ணைப் பார்த்தாலே கணினிக்குள் எண்ணை வைக்கிற ஏதோ ஒரு பெட்டி நிரம்பிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் முயன்றேன், அங்கே 216 அங்குலத்தோடு சரி.

கோடுகளாக வரைகிற வெக்டார் ஒத்துவராவிட்டால் போகிறது, படத்தைப் புள்ளிகளாக வைக்கிற போட்டோஷாப்பில் செய்துவிடலாம் என்று கிளம்பினேன். இனி சொல்வது முழுக்க என் சொந்த முட்டாள்தனம். அச்சு என்றால் 300 பிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று மனதில் ஊறிப்போயிருந்தது. பேனர்தானே என்று பெருந்தன்மையோடு 100க்கு இறங்கினேன். அப்போதும் அகலம் 72,000 பிக்சல். போட்டோஷாப்பின் வழக்கமான பிஎஸ்டி ஃபைல் அகலத்திலும் உயரத்திலும் 30,000 பிக்சல் வரைதான் தாங்கும், அளவும் 2 ஜிபியைத் தாண்டக் கூடாது. அதற்கு மேல் வேண்டுமென்றால் பிஎஸ்பி என்ற வடிவம் இருக்கிறது, அது 3 லட்சம் பிக்சல் வரை போகும். ஆகா, வழி கிடைத்துவிட்டது என்று அதில் உட்கார்ந்தேன்.

72,000க்கு 24,000 என்றால் மொத்தம் 172.8 கோடி பிக்சல். அச்சுக்கான நான்கு நிற முறையான சிஎம்ஒய்கேவில் ஒரு பிக்சலுக்கு 4 பைட். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிற லேயர்களில் ஒன்று மட்டும் முழுதாக நிரம்பினால், சுருக்குவதற்கு முன் கிட்டத்தட்ட 6.9 ஜிபி. நான் பதினோரு லேயர் வைத்திருந்தேன். சேவ் கொடுத்துவிட்டுப் போய்க் குளித்துவிட்டு வந்தாலும் பட்டை பாதியில் நிற்கும். ஸ்க்ராட்ச் டிஸ்க் (மென்பொருள் தற்காலிகமாகப் பயன்படுத்தும் வட்டு இடம்) நிரம்பிவிட்டது என்ற செய்தி வராத நாள் இல்லை. மூன்றாம் நாள் வாடிக்கையாளர் ஒரு ஜேபெக் கேட்டார். அதே அளவில் ஜேபெக் ஆக்க வழியே இல்லை. அந்த வடிவம் அகலத்தையும் உயரத்தையும் 16 பிட்டில் எழுதி வைக்கிறது, 65,535க்கு மேல் அதற்கு எண்ணவே தெரியாது. சுருக்கி அனுப்பினேன். வாட்ஸ்அப்பில் உள்ளங்கை அகலத்தில் பார்த்துவிட்டு “சூப்பர், நல்லா இருக்கு” என்றார். அந்த இடத்திலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

கடைசியில் அச்சடிக்கப்போகிற இடத்துக்குப் போன் செய்தேன். ஆபரேட்டர் கேட்ட முதல் கேள்வி ஃபைலைப் பற்றியே இல்லை.

“எவ்வளவு தூரத்துல நின்னு பாப்பாங்க சார்?”

சாலைக்கு அந்தப் பக்கம், ஒரு 20 மீட்டர் இருக்கும் என்றேன். “அப்போ 30 பிபிஐயே ஜாஸ்தி” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நம்பிக்கை வராமல் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சராசரிக் கண்ணுக்குப் பிரித்துப் பார்க்க முடிகிற கோணம் ஏறக்குறைய ஒரு பாகையில் 60இல் ஒரு பங்கு. ஒரு மீட்டர் தூரத்தில் அது 0.29 மில்லிமீட்டர், 20 மீட்டரில் கிட்டத்தட்ட 6 மில்லிமீட்டர். அதற்குக் குறுக்கு வழி, 87ஐ மீட்டரில் உள்ள தூரத்தால் வகுத்தால் தேவையான பிபிஐ வந்துவிடும். 20 மீட்டருக்கு நாலரைகூட வரவில்லை! கிட்டே போய்ப் பார்க்கிறவர்களும் உண்டு என்று ஆறேழு மடங்கு தாராளம் காட்டினாலும் 30 போதும். 30 பிபிஐயில் 21,600க்கு 7,200 பிக்சல். லேயருக்கு 622 எம்பி. அகலமும் உயரமும் சாதாரண பிஎஸ்டியிலேயே அடங்குகின்றன. மூன்று நாளாக நான் 6.9 ஜிபியைச் சுமந்தது, சாலையில் நிற்கிற எவர் கண்ணுக்கும் எட்டாத புள்ளிகளுக்காக.

கூடவே ஒரு வித்தையும் கிடைத்தது. 18 மீட்டர் அகலப் பேனரை 20 மீட்டரிலிருந்து பார்ப்பதும், திரையில் 18 சென்டிமீட்டர் அகலத்துக்குச் சுருக்கி 20 சென்டிமீட்டரிலிருந்து பார்ப்பதும் கண்ணுக்கு ஒன்றுதான். அந்த அளவில் வாசிக்க முடியாத எழுத்து சாலையிலும் வாசிக்க முடியாது. வாடிக்கையாளர் கீழே போடச் சொன்ன இரண்டு வரி நிபந்தனைகளை இதைக் காட்டித்தான் எடுக்கச் சம்மதிக்க வைத்தேன்.

இதற்கிடையில் இல்லஸ்ட்ரேட்டரையும் புதுப்பித்தேன். 2020இல் வந்த 24.2 பதிப்பிலிருந்து பெரிய கேன்வாஸ் வசதி இருக்கிறது, அகலமும் உயரமும் 2,270 அங்குலம் வரை. 720 அடித்தேன், மறுபேச்சில்லாமல் திறந்தது. படத்தை உள்ளே வைத்து, எழுத்தையும் லோகோவையும் வெக்டாராக மேலே அமைத்து, பிடிஎஃப் எடுத்து அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் ஆபரேட்டரின் போன்.

“சார், 60 அடின்னீங்க. இங்க 6 அடிதான காட்டுது?”

என் திரையில் சரியாக 720 அங்குலம். அவர் திரையில் 72. இருவரும் ஒரே ஃபைலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். விஷயம் இதுதான்: பிடிஎஃப் பக்கத்துக்கு 14,400 அலகு என்று ஒரு பழைய எல்லை உண்டு, ஓர் அலகு ஒரு பாயின்ட் என்றால் 200 அங்குலம். 1.6 பதிப்பில் யூசர்யூனிட் என்ற ஒன்றைச் சேர்த்தார்கள். ‘இந்தப் பக்கத்தில் ஓர் அலகை 10 பாயின்ட்டாக எடுத்துக்கொள்’ என்று ஃபைலுக்குள்ளேயே ஒரு குறிப்பு. பெரிய கேன்வாஸின் பிடிஎஃப் அந்தக் குறிப்போடுதான் வெளியே வரும். குறிப்பைப் படிக்கிற மென்பொருளுக்கு 60 அடி, படிக்கத் தெரியாத ரிப் மென்பொருளுக்கு (ஃபைலை அச்சு இயந்திரத்துக்கு ஏற்றபடி மாற்றித் தருவது) 6 அடி. ஆபரேட்டர் கேட்காமல் அடித்திருந்தால் ஒரு வாசல் திரை கிடைத்திருக்கும்.

ஆக, பத்தில் ஒரு பங்கு அளவில் நானே செய்து, ஃபைல் பெயரிலேயே அதைச் சொல்லிவிடுவது என்று முடிவானது. 72க்கு 24 அங்குலம், படம் 300 பிபிஐ. பிக்சல் எண்ணிக்கை அதே 21,600தான். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் ஆகியிருக்கிறது. பெயரில் ‘1க்கு 10’ என்றும், இறுதி அளவு 720க்கு 240 அங்குலம் என்றும் இரண்டையும் எழுதினேன். ‘10%’ என்று மட்டும் எழுதினால் நீளத்திலா பரப்பிலா என்ற குழப்பம் வரும். நீளம் 10 மடங்கானால் பரப்பு 100 மடங்காகிவிடும். அச்சில் 1000% என்று போட வேண்டும் என்பதையும் ஒரு வரி சேர்த்தேன்.

ஆனால் சின்ன அளவில் செய்வதற்கு வேறு கூலி உண்டு. 720 அங்குலத்தில் போட்டதைச் சுருக்கியபோது, கோடுகளையும் எஃபெக்டுகளையும் சேர்த்துச் சுருக்கும் தேர்வு அணைந்திருந்தது. எழுத்தெல்லாம் குட்டியாகிவிட்டது, அதைச் சுற்றிய கோடு மட்டும் பழைய தடிமனில் கரிக்கோடு மாதிரி நின்றது. நிழலுக்கும் அதே கதி. நிழலைப் புள்ளிகளாக மாற்றுகிற ராஸ்டர் எஃபெக்ட் தெளிவு 72 பிபிஐயில் கிடந்ததைப் பார்த்தேன். அது 10 மடங்கு பெரிதானால் 7 பிபிஐதான் மிஞ்சும், அதை 300 ஆக்கினேன். ஓரத்தை மடித்துத் தைத்து, கயிறு கட்டுகிற வளையமான ஐலெட் அடிக்க நாலு பக்கமும் 4 அங்குலம் கேட்டிருந்தார்கள். ஃபைலில் அது 0.4 அங்குலம். கைப்பழக்கத்தில் 4 என்று அடித்து, பேனரைச் சுற்றி மூன்றேகால் அடிக்கும் மேல் வெற்று நிறம் வைத்துவிட்டேன். நல்லவேளை, கண்ணில் பட்டது.

பின்னால் தெரிந்த இன்னொன்று. இந்த 60 அடி என்பது எந்த இயந்திரத்திலும் ஒரே துண்டாக வரப்போவதில்லை. அவர்கள் ரோல் 3.2 மீட்டர் அகலம். 10 அடி அகலத்தில் ஆறு துண்டாக நின்றவாக்கில் அடித்து, ஒன்றன்மேல் ஒன்று ஓர் அங்குலம் ஏறும்படி ஒட்டுவார்கள். முதலிலேயே துண்டு துண்டாகச் செய்திருக்கலாமே என்று தோன்றியது. அதுவும் நடக்காது, ஒரு துண்டின் உயரமே 240 அங்குலம். பழைய 227 அங்கேயும் கழுத்தைப் பிடித்திருக்கும். வெட்டுவதை ஆபரேட்டரே பார்த்துக்கொண்டார். எந்த இணைப்பும் முகத்தின் மேலோ எழுத்தின் நடுவிலோ விழக்கூடாது என்று ஒரு வரைபடம் மட்டும் கேட்டேன். இரண்டாவது இணைப்பு சரியாக ஒருவர் மூக்கின் மேல் ஓடியது. அவரை அரை அடி தள்ளி நிறுத்தினேன், ஃபைலில் அது 0.6 அங்குலம்.

அடிப்பதற்கு முன், முகம் வருகிற பகுதியில் ஒரு துண்டை நிஜ அளவில் ஏ4 தாளில் எடுத்துச் சுவரில் ஒட்டினேன். கிட்டத்தில் ஒரே சதுரம் சதுரமாகத் தெரிந்தது, வயிற்றைக் கலக்கியது. பின்னால் நடந்து நடந்து மாடிப்படிவரை போனதும் அது ஒரு கண்ணாக மாறியது. அதன் பிறகுதான் சரி, அடியுங்கள் என்றேன்.

பேனர் கட்டிய அன்று சாலைக்கு எதிர்ப்புறம் நின்று பார்த்தேன், குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்புறம் கிட்டே போனேன். இடது ஓரத்தில் இரண்டு நிறப் பட்டைகள் சேரும் இடத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு. ஃபைலில் கால் மில்லிமீட்டர் இடைவெளி விட்டிருந்தேன் போலிருக்கிறது, இங்கே அது இரண்டரை மில்லிமீட்டராக வளர்ந்திருந்தது. கீழே இருந்த யாரும் கவனிக்கவில்லை. ஏணியிலிருந்து இறங்கியவர் மட்டும் கேட்டார்: “சார், அந்த வெள்ளைக் கோடு டிசைனா?”

ஆமாம் என்றேன்.