என்ன வேண்டுமானாலும் கேள் என்றார்கள்

கடைசிக் கீமோ முடிந்து ஒன்பது வாரம் ஆகிறது. போன வாரம் எடுத்த பெட் ஸ்கேனில் எங்கும் எதுவும் ஒளிரவில்லை, அதாவது நோயின் தடம் தெரியவில்லை. நிணநீர்ப் புற்றுநோய், 21 நாளுக்கு ஒன்றாக ஆறு சுற்று. மருந்தைப் பற்றி எழுத எனக்குப் பெரிதாக ஒன்றுமில்லை, மருத்துவர்கள் பார்த்துக்கொண்டார்கள். என்னைப் படாத பாடு படுத்தியது ஆள் விவகாரம்தான்.

நோய் உறுதியான வாரத்தில் ‘என்ன வேண்டுமானாலும் கேள்’ என்று சொன்னவர்கள் முப்பது பேருக்கு மேல். எல்லோரும் மனதாரச் சொன்னவர்கள். ஆனால் என்ன தேவை என்று யோசிப்பதும், யாரால் முடியும் என்று கணக்குப் போடுவதும், கூச்சத்தை விழுங்கிக்கொண்டு கேட்பதும் நம் தலையில்தான் விழுகின்றன. பல் துலக்கக் கூட நாற்காலி போட்டு உட்கார்ந்தவளால் ஆகிற காரியமா அது? நானும் ‘சரி, சொல்கிறேன்’ என்று முப்பது பேரிடமும் சொல்லிவிட்டு ஒருவரையும் கேட்கவில்லை.

கேட்காமலே வந்து மாட்டிக்கொண்டவர் அத்தான். சிகிச்சை தொடங்குவதற்கு முன் இன்னொரு மருத்துவரிடமும் காட்டிவிடலாம் என்று முடிவானது. பயாப்ஸி என்கிற திசுப் பரிசோதனையின் அறிக்கை மட்டும் போதாது, திசுச் சீவல் ஒட்டிய கண்ணாடிச் சிலைடுகளும் திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டியும் வேண்டும் என்றார்கள். அத்தான் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் தலையை நிமிர்த்தாமலே, “நோயாளி கையெழுத்திட்ட கடிதம் வேண்டும்” என்றார். மறுநாள் கடிதத்தோடு போனார். “உங்கள் அடையாள அட்டையின் நகல் எங்கே?” நேற்றே சொல்லியிருக்கக் கூடாதா என்றதற்கு, “நேற்று நீங்கள் கேட்கவில்லையே” என்று பதில். மூன்றாம் முறை பெட்டி கைக்கு வந்தது. வீட்டில் திறந்து பார்த்தால் சிலைடுகள் மட்டும் இருக்கின்றன, கட்டியைக் காணோம். கடிதத்தில் ‘சிலைடுகள்’ என்று மட்டும் எழுதியது என் கைதான், யாரைத் திட்டுவது? நான்காம் முறையும் போய்வந்தார், பாவம். கூடுதல் சாயப் பரிசோதனை தேவைப்பட்டால் அந்தக் கட்டியிலிருந்துதான் புதிதாகச் சீவ வேண்டும். ஆகவே இரண்டையும் பெயர் சொல்லி எழுதுங்கள். வாங்கப் போகிறவரின் பெயரையும் உறவையும் குறிப்பிட்டு, தெம்பு இருக்கும்போதே நாலைந்து கடிதங்களில் கையெழுத்துப் போட்டு வைத்துவிடுங்கள். பின்னால் காப்பீட்டுக்கும் அறிக்கை வாங்கவும் எனக்கு மூன்று கடிதங்கள் செலவாயின.

முதல் சுற்று பெரிய சங்கடமில்லாமல் போனது. சிவப்பு மருந்து ஏற்றிய அன்று சிறுநீரும் சிவப்பாகப் போனது, அவ்வளவுதான்.

இரண்டாம் சுற்றின் பத்தாம் நாள்தான் விபரீதம். வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கும் நாட்கள் அவை. அன்று இரவுத் துணைக்குச் சித்தி வந்திருந்தார். நெற்றியைத் தொட்டுப் பார்த்து, “கணகணவென்று சுடுகிறதே, கண்ணே” என்று ஒரு பாராசிட்டமால் கொடுத்தார். நானும் வாங்கிப் போட்டுக்கொண்டேன். சூடு தணிந்தது, இருவரும் நிம்மதியாகத் தூங்கினோம். மறுநாள் மதியம் பல் கிட்டும் அளவுக்கு நடுக்கம், 39.1 டிகிரி செல்சியஸ். மருத்துவமனையில் பார்த்தபோது, கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்களான நியூட்ரோபில் வெறும் 200. ஐந்து நாள் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால் நள்ளிரவானாலும் உடனே கூப்பிட வேண்டும் என்று முதல் நாளே எனக்குச் சொல்லியிருந்தார்கள். மாத்திரை காய்ச்சலை மறைத்துவிடும், கிருமி தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். இதை ஏன் உடன் இருந்தவரிடம் சொல்லவில்லை என்று செவிலியர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. வரும் வழியிலேயே சித்தியைக் கத்திவிட்டிருந்தேன். அவர் வார்டுக்கு வெளியே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

வீடு திரும்பியதும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன்: முதலில் வெப்பமானி, 38 என்றால் உடனே இந்த எண், மாத்திரை அவர்கள் சொன்னால் மட்டும். பக்கத்தில் ஒரு பையில் துணி, அறிக்கைகளின் நகல், மருந்துப் பட்டியல். துணைக்கு வருகிற எவரும் செருப்பைக் கழற்றியதும் அதைப் படித்தாக வேண்டும். சளி பிடித்தவர்கள் வாசலோடு திரும்பிவிட வேண்டும் என்பதும் அதில் உண்டு. பெரியப்பா ஒருவர் அதற்காகக் கோபித்துக்கொண்டு போனார். போகட்டும்.

மூன்றாம் சுற்றுக்குத் தோழி ஒருத்தி இரண்டு மணி நேரம் கார் ஓட்டி அழைத்துப் போனாள். அங்கே ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, வெள்ளணு எண்ணிக்கை ஏறவில்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அவளுடைய விடுப்பு வீண். வாசலில் நின்று நான் அழ, அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு நானும் சிரித்தேன். அதற்கப்புறம் முந்தின நாளே வீட்டுக்குப் பக்கத்தில் ரத்தம் கொடுத்து, முடிவை மருத்துவமனைக்குச் சொல்லி, ‘வரலாம்’ என்ற பிறகுதான் வண்டியே எடுத்தோம். உங்கள் மருத்துவமனை ஒத்துக்கொள்ளுமா என்று முதல் சுற்றிலேயே கேட்டுவிடுங்கள்.

திரும்பும் வழியில் அவள் கேட்ட கேள்விதான் எல்லாவற்றையும் மாற்றியது. “செவ்வாயா, வியாழனா, எந்த நாள் எனக்கு?” பதில் சொல்வது எவ்வளவு சுலபமாக இருந்தது! அன்றிரவே அக்கா என் தொலைபேசியைப் பிடுங்கிக்கொண்டாள். அந்த முப்பது பேரையும் அவளே அழைத்து, நாளும் வேலையும் சொல்லிப் பிரித்துக் கொடுத்தாள். வண்டி ஓட்ட ஒருவர், மருந்து வாங்க ஒருவர், அம்மாவோடு பேசிக்கொண்டிருக்க ஒருவர். மருத்துவமனைச் சோபாவில் உட்கார்ந்து குறிப்பு எடுக்க மட்டும் ஒருவர், ஏனென்றால் மருத்துவர் சொன்னதில் பாதி என் காதில் ஏறவில்லை. ஸ்கேன் என்ன ஆயிற்று என்று விசாரிப்பவர்களுக்கு ஞாயிறு இரவு ஒரே செய்தி, எல்லோருக்கும் சேர்த்து. அதற்கு முன்பு ஒரே கதையை ஒரே நாளில் பதினொரு பேரிடம் சொல்லித் தொண்டை கட்டியிருக்கிறது.

நாள் கேட்டதும் நழுவியவர்கள் ஏழெட்டுப் பேர். பதினைந்து வருடம் பழகிய ஒருத்தி இன்றுவரை எட்டிப் பார்க்கவில்லை. மாடிப்படியில் தலையாட்டுவதோடு சரி என்றிருந்த எதிர்வீட்டுப் பெரியவர் ஆறு சுற்றும் வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து அம்மாவுக்குச் செய்தித்தாள் படித்துக் காட்டினார்.

சித்தியிடம் மன்னிப்புக் கேட்டேன். “வெப்பமானி வாங்கிவிட்டேன், இப்போது எனக்கும் பார்க்கத் தெரியும்” என்றார். சமையல் கொண்டுவந்து கொடுத்தவர்களின் பாத்திரங்களை இந்த வாரம் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். மூன்று இன்னும் யாருடையவை என்று தெரியவில்லை. பெயர் எழுதி ஒட்டிக் கொடுக்கச் சொல்லியிருக்க வேண்டும்.