பூம்புகார் முதல் பொன்னானி வரை: கிளம்புவதற்கு முன்

கடல் விட்டுக் கடல் சைக்கிளில் போவது என்று முடிவானது போன ஜூனில், ஸ்ரீரங்கத்தில் ஒரு டீக்கடை வாசலில். நாங்கள் நான்கு பேர். நான், என் பள்ளித் தோழன் பேங்க்காரன், அரசுப் பள்ளியில் வரலாறு நடத்தும் வாத்தியார், அப்புறம் எங்களைவிடப் பதினைந்து வயது இளைய பொடியன் ஒருவன். ஞாயிற்றுக்கிழமை முக்கொம்புக்கோ கல்லணைக்கோ போய் இட்லி தின்றுவிட்டுத் திரும்புகிற கோஷ்டி. நாற்பது கிலோமீட்டரைத் தாண்டினால் மறுநாள் லீவு போடுகிற ரகம்.

முதல் சண்டை, எந்தக் கடலிலிருந்து எந்தக் கடலுக்கு என்பதில். பொடியனுக்குச் சென்னை மெரினாவிலிருந்து மங்களூர். கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய 700 கிலோமீட்டர். பெங்களூர் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அதைத் தாண்டினால் சக்லேஷ்பூர் பக்கம் சிராடி காட் மலைப்பாதை, லாரிகளோடு லாரியாக இறங்க வேண்டும். அவனைத் தவிர யாருக்கும் அந்தத் தொடை கிடையாது. பேங்க்காரன் தூத்துக்குடி – கொல்லம் என்றான். திருநெல்வேலி, தென்காசி, ஆரியங்காவு வழியாகச் சுமார் 200 கிலோமீட்டர்தான், இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். “அதுக்குக் கன்னியாகுமரி போயிடலாமே சார், அஞ்சு நிமிஷத்துல ரெண்டு கடலையும் தொட்டுரலாம்” என்றான் பொடியன். அந்தக் கிண்டலில் கொல்லம் திட்டம் செத்துப்போனது.

பூம்புகாரைச் சொன்னது வாத்தியார். காவிரி கடலில் கலக்கிற இடத்தில் தொடங்கி, ஆற்றை எதிர்த்துக் கரூர் தாண்டும்வரை மேலேறுவது. அங்கே காவிரியை விட்டுவிட்டுக் கொங்கு மேட்டைக் குறுக்கே கடந்து, பாலக்காட்டுக் கணவாய்க்குள் நுழைந்து, பாரதப்புழையோடு இறங்கி அது கடலில் சேரும் பொன்னானியில் முடிப்பது. ஒரு ஆற்றில் ஏறி இன்னொரு ஆற்றில் இறங்குகிறோம். மேற்குக் கடற்கரையிலிருந்து மிளகு வந்த பழைய வணிக வழியும் ஏறத்தாழ இதுதான் என்று ஆரம்பித்து, கரூர் ஆற்றுப் படுகையில் கிடைத்த ரோமானியக் காசுகள், நொய்யல் கரையில் அகழாய்வு நடந்த கொடுமணல் என்று அரை மணி நேரம் பேசினார். டீ ஆறிவிட்டது. ஆனால் மறுபேச்சு இல்லை.

மாதத்தில்தான் கோட்டைவிட இருந்தோம். ஆகஸ்டில் சுதந்திர தினத்தை ஒட்டி நாலு நாள் விடுமுறை வருகிறது, கிளம்பிவிடலாம் என்று பேச்சு. சரி, ஒரு ஒத்திகை பார்ப்போம் என்று பதினெட்டாம் பெருக்கு முடிந்த சனிக்கிழமை திருச்சியிலிருந்து கரூருக்கு மிதித்தோம். 80 கிலோமீட்டர். சாலை சமதளம், இடது பக்கம் தென்னையும் வாழையும், வலது பக்கம் நிறைந்து ஓடும் காவிரி. பார்க்கிறவர்கள் என்ன சுகம் என்று நினைத்திருப்பார்கள். குளித்தலை தாண்டியதும் மேற்கிலிருந்து அடித்த காற்றில் ஹேண்டில்பாரை விட்டுத் தலையைத் தூக்க முடியவில்லை. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். எங்கள் சைக்கிள்கள் பறக்கவும் இல்லை, நகரவும் இல்லை. ஏழு மணி நேரம் பிடித்தது. மாயனூர் பக்கம் ஒரு புளியமரத்தடியில் பேங்க்காரன் உட்கார்ந்துவிட்டு, “டேய், எனக்கு இங்கேயே ஒரு கிளை போட்டுக் குடுங்கடா, நான் மேனேஜரா இருந்துக்கிறேன்” என்றான்.

மறுநாள் அதே சாலையில் திரும்பி வந்தோம். நாலே மணி நேரம். அதே கால்கள்தான்.

அன்றிரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவனுக்கு எதிரே 15 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், அவன் கிழிக்க வேண்டியது 35 கிலோமீட்டர் காற்று. காற்றின் தடை வேகத்தின் இருமடிக்குத் தக்கபடி ஏறும். 20 இருபது 400. 35ஐ இருமடியாக்கினால் 1,225. தடை மூன்று மடங்கு. அதே காற்று முதுகில் அடித்தால் மிச்சம் கிழிக்க வேண்டியது 5 கிலோமீட்டர் காற்று மட்டும், அது ஒரு பொருட்டே இல்லை. ஊர்களுக்கு நடுவே எத்தனை கிலோமீட்டர் என்று இரண்டு மாதம் குறித்துக்கொண்டிருந்த நாங்கள், காற்றுக்கு ஒரு வரி ஒதுக்கவில்லை.

கணவாயைப் பற்றிப் படிக்க ஆரம்பித்ததும் இன்னும் வெட்கமாகிவிட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையில் இவ்வளவு பெரிய இடைவெளி வேறு கிடையாது. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. தென்மேற்குப் பருவத்தில் கடல் காற்று மொத்தமும் இந்த வாசலில் ஒடுங்கிப் பாய்ந்து வருகிறது. பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கமெல்லாம் காற்றாலைகளை வரிசை வரிசையாக நட்டு வைத்திருப்பது வேறு எதற்கு? அந்த வழியே எத்தனை முறை பஸ்ஸில் போயிருக்கிறேன். அவை எந்தப் பக்கம் பார்த்து நிற்கின்றன என்று ஒருநாளும் கவனித்ததில்லை.

ஆக இரண்டு வழி. ஆடியில் போவதென்றால் பொன்னானியிலிருந்து கிளம்பிக் கிழக்கே வர வேண்டும். காற்று நம் பக்கம், ஆனால் கேரள மழை தலைமேல். தையில் போவதென்றால் பூம்புகாரிலிருந்து மேற்கே போகலாம். வடகிழக்குப் பருவம் ஓய்கிற நேரம். காற்று கிழக்கிலிருந்து வரும், கணவாய்க்குள் இன்னும் வலுத்து, பாலக்காடு திருச்சூர் வரை வறண்ட காற்றாக அடிக்கும். மழையும் இல்லை. இன்னொரு லாபமும் உண்டு. மேற்கே போகிறவனுக்குக் காலை வெயில் முதுகில்தான் விழும். விடியுமுன் கிளம்பி மதியத்துக்குள் முடித்துவிட்டால் சூரியனைக் கண்ணால் பார்க்கவே வேண்டாம். தை என்று முடிவு செய்தோம்.

அப்புறம் ஏற்றம். கடலிலிருந்து கடலுக்குப் போகிறோம், நடுவே மலைத்தொடர், ஆகவே மலையில் மூச்சு வாங்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். உயரங்களை வரிசையாக எழுதிப் பார்த்தபோது படம் வேறு மாதிரி வந்தது. திருச்சி சுமார் 85 மீட்டர். கரூர் 120ஐ ஒட்டி. அங்கிருந்து வெள்ளக்கோவில், காங்கேயம் என்று கண்ணுக்கே தெரியாமல் ஏறி, பல்லடம் பக்கம் 300 மீட்டரைத் தாண்டுகிறது. பொள்ளாச்சியில் 290 போல. அங்கிருந்து பாலக்காட்டுக்கு இறக்கம்தான், மறுபடி 85 சொச்சத்துக்கு வந்துவிடுகிறது. மலையைக் கடக்கும் பயணத்தில் மிக உயரமான இடம், மலையே இல்லாத பல்லடத்து மேட்டில். தொடைக்கு வேலை காங்கேயத்துச் சாலையில்தான், நிழல் இல்லாத கொரங்காட்டு மேய்ச்சல் நிலத்துக்கும் கிளுவை வேலிக்கும் நடுவே.

நாள்வாரியாகப் பிரித்தது இப்படி. முதல் நாள் பூம்புகாரிலிருந்து மயிலாடுதுறை, கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர், சுமார் 100. இரண்டாம் நாள் திருவையாறு போய்க் காவிரிக் கரையைப் பிடித்துக் கல்லணை, திருச்சி, 65தான். அன்றிரவு அவரவர் வீட்டில் படுக்கை. இதுதான் இந்தத் திட்டத்திலேயே ஆபத்தான இரவு என்பது வாத்தியாரின் கருத்து. வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுச் சொந்தக் கட்டிலில் படுத்தவன் காலை ஐந்து மணிக்கு எழுந்து வருவானா? அதனால் நான்கு சைக்கிளையும் வாத்தியார் வீட்டுத் திண்ணையில் பூட்டி, சாவியை அவரே வைத்துக்கொள்வதாக ஒப்பந்தம். மூன்றாம் நாள் கரூர் தாண்டி வெள்ளக்கோவில், 120. நான்காம் நாள் காங்கேயம், பல்லடம், செஞ்சேரிமலை, நெகமம் வழியாகப் பொள்ளாச்சி, 95 போல. கடைசி நாள் பாலக்காடு, ஒற்றப்பாலம், பட்டாம்பி, குற்றிப்புரம், பொன்னானி. 130 கிலோமீட்டர். இருப்பதிலேயே நீளமான நாளை இறக்கத்துக்கும் பின்காற்றுக்கும் ஒதுக்கியிருக்கிறோம். கூட்டினால் 510.

தேதி பிடிப்பதற்குள் தாவு தீர்ந்துவிட்டது. தை மாதம் தமிழ்நாட்டில் சாலை நம்முடையது இல்லை. பொங்கலுக்கு முன்னும் பின்னும் ஊருக்குப் போகிற வண்டிகள். திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை வேறு பெரும்பாலும் ஜனவரியில்தான் வரும். அந்த நாட்களில் தஞ்சாவூரில் அறை கிடைப்பது கஷ்டம். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிற பாதயாத்திரைக் கூட்டம் காங்கேயத்திலிருந்து பொள்ளாச்சி வரை எந்தச் சாலையிலும் எதிர்ப்படலாம். அதில் எனக்கு வருத்தமில்லை. வழியெங்கும் பந்தல் போட்டுச் சாப்பாடு போடுவார்கள், நாமும் ஒரு கை நனைக்கலாம். குடியரசு தினத்தை நடுவில் வைத்து, ஜனவரி 24 முதல் 28 வரை என்று கடைசியில் முடிவானது. பேங்க்காரனின் லீவு விண்ணப்பத்தில் காரணம் “குடும்ப விசேஷம்”.

லாட்ஜ் பிடிப்பதை என்னிடம் விட்டார்கள். தையில் முகூர்த்த நாட்கள் நெருக்கம். வழியில் உள்ள சின்ன ஊர்களில் இருக்கிற இரண்டு மூன்று லாட்ஜையும் கல்யாண வீட்டார் மொத்தமாக எடுத்துவிடுகிறார்கள். ஒரு லாட்ஜில் அறை இருந்தது.

“எந்த வண்டிங்க? காரா, வேனா?”

“சைக்கிள்ங்க. நாலு சைக்கிள். ராத்திரி ரூமுக்குள்ள வச்சுக்கலாமுங்களா?”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. “சைக்கிள் யாவாரமுங்களா?”

பொன்னானி வரை சும்மா போகிறோம் என்றேன். எதற்கு என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. “வேண்டுதலுங்க” என்றேன். உடனே, “அட, மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்களே” என்று கீழ்த்தளத்திலேயே அறை கொடுத்துவிட்டார்.

சைக்கிள் விஷயத்தில் கற்றதெல்லாம் பட்டுக் கற்றதுதான். நவம்பரில் பை கட்டி ஒரு ஒத்திகை, கல்லணைப் பக்கம். பொடியனின் சைக்கிளில் மெல்லிய பிரெஸ்டா வால்வு. பஞ்சர் ஆனது. ட்யூப் மாற்றிவிட்டான், கைப்பம்பு மறந்துபோனான். சாலையோரப் பஞ்சர் கடைக்காரர் தன் பம்பின் வாயையும் அந்த வால்வையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “இது என்ன தம்பி, ஊசி மாதிரி இருக்கு” என்றார். சிறிய பித்தளைத் திருகு ஒன்றை வால்வில் மாட்டிக்கொண்டால் எந்தக் கடையிலும் காற்று அடிக்கலாம். சொற்ப விலை. இப்போது நான்கு பேர் சட்டைப்பையிலும் ஒன்று இருக்கிறது. டயர் நால்வருக்கும் 32 மில்லிமீட்டர் என்று ஒன்றாக்கினோம். ஒருவனுடைய ட்யூப் மற்றவனுக்கு உதவ வேண்டுமே. காங்கேயத்துக்கு அப்பால் சீமைக் கருவேல முள் கிடக்கும் என்பதால் டயருக்குள் முள் தடுக்கும் பட்டையும் வைத்தாயிற்று. சக்கரம் கொஞ்சம் கனத்துவிட்டது, போகட்டும்.

எதிர்பாராத வில்லன் வைக்கோல். சம்பா அறுவடை நேரம். டெல்டாச் சாலைகளில் பாதி அகலத்துக்கு நெல் காயும், சில இடங்களில் வைக்கோலே பரப்பிக் கிடக்கும். அதன்மேல் ஓட்டினால் தாள் பின்பல்லுக்கும் செயினுக்கும் நடுவே சுற்றி இறுகிவிடும். போன வருடம் திருக்காட்டுப்பள்ளி பக்கம் வாத்தியார் அப்படித்தான் நின்றார். பேனாக்கத்தியால் அரை மணி நேரம் அறுத்து எடுத்தோம். இறங்கித் தள்ளிக்கொண்டு போவது என்று விதி போட்டிருக்கிறோம். காய்கிற நெல்லின்மேல் சக்கரம் ஏற்றுவது அதைவிடப் பெரிய தப்பு என்று வாத்தியார் சேர்த்தார். அவர் வீட்டில் விவசாயம் உண்டு.

காற்று நம் பக்கம் என்றாலும் பக்கவாட்டில் அடிக்கும் நேரம் வரும். அதற்காக வரிசையாக ஓட்டிப் பழகினோம். முன்னால் போகிறவன் காற்றைக் கிழிப்பான், பின்னால் வருகிறவர்களுக்குப் பாரம் குறையும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை முன்னவன் விலகிக் கடைசிக்கு வர வேண்டும். முறை வரும்போதெல்லாம் பேங்க்காரனுக்கு மட்டும் தண்ணீர் தாகம் எடுக்கிறது.

போன வாரம் பைகளை எடை போட்டோம். என்னுடையது 7 கிலோ, பொடியன் 5, பேங்க்காரன் 8. வாத்தியாருடையது 12. திறந்து பார்த்தால் வேட்டி இரண்டு, பித்தளைச் சொம்பு ஒன்று, கல்வெட்டுத் தொகுதி ஒன்று. “சொம்ப எடுத்துடலாம் சார்.” அது பூம்புகார்க் கடல் தண்ணீரைப் பொன்னானிக்குக் கொண்டுபோக என்றார். இங்கிலாந்தில் இப்படிக் கடல் விட்டுக் கடல் போகிறவர்கள் புறப்படும் கடலில் பின்சக்கரத்தையும், போய்ச் சேரும் கடலில் முன்சக்கரத்தையும் நனைப்பது வழக்கம் என்று நான்தான் எப்போதோ சொல்லியிருந்தேன். உப்புத் தண்ணீர் செயினிலும் பேரிங்கிலும் ஏறினால் துருப்பிடிக்குமே என்று அவருக்குக் கவலை. அதற்குத்தான் சொம்பு. கடைசியில் அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலுக்குச் சம்மதித்தார். கல்வெட்டுத் தொகுதி பைக்குள்ளேயேதான் இருக்கிறது.

இன்னும் முடியாதது திரும்பி வரும் ஏற்பாடு. பொன்னானியில் ரயில் நிலையம் கிடையாது. கிட்டத்தில் குற்றிப்புரம், அங்கே ரயில் நிற்கிற ஓரிரு நிமிடத்தில் நான்கு சைக்கிளைப் பார்சல் பெட்டியில் ஏற்றுவது நடக்காத காரியம். அதனால் ஷொர்ணூர் வரை ஒரு சரக்கு ஆட்டோ பேசி, அங்கே சாக்கு சுற்றி லக்கேஜாகப் போட்டுவிடலாம் என்று எண்ணம். பொடியன் மட்டும் வேறு சொல்கிறான். அவன் திரும்பவும் மிதித்தே வருவானாம், திருச்சிக்கு. எதிர்க்காற்று என்று நினைவூட்டினேன். “பார்த்துக்கலாம் அண்ணே” என்கிறான். கரூர் ஒத்திகைக்கு அவனும்தான் வந்திருந்தான்.