ஒரு காம்பராவுக்கு இரண்டு கையெழுத்து: படப்பிடிப்பு அனுமதி நாட்குறிப்பு

பெப்ரவரி 3, 2024

இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டத்தில் படம் எடுக்கப் போகிறவர்கள் முதலில் சறுக்குவது லயன் காம்பரா, அதாவது தொழிலாளரின் வரிசை வீட்டு அறை, விஷயத்தில்தான். மூன்று தலைமுறையாக அங்கேயே இருக்கும் குடும்பம், “தாராளமா எடுங்க தம்பி” என்று சொல்லிவிடும். மனசு நிறைந்து சொன்னதுதான். ஆனால் காம்பராவோ வாசலோ தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையோ அவர்கள் பெயரில் இல்லை. காணி அரசுடையது, 1992 முதல் நிர்வாகம் பெருந்தோட்டக் கம்பனிகளின் கையில். தோட்டத்தின் எழுத்து இல்லாவிட்டால் நடுப் படப்பிடிப்பில் காவல் பார்க்கும் வாச்சர் வந்து நிறுத்தினாலும் பேச வாய் இருக்காது. மறுபக்கம், தோட்டத்து மனேஜரான துரை கொடுத்த கடிதத்தை நீட்டிக்கொண்டு ஒரு வீட்டுக்குள் கமராவோடு ஏறுவது அதைவிடப் பெரிய பிழை. அடுப்படி அவர்களுடையது. ஆக, ஒரு காம்பராவுக்கு இரண்டு கையெழுத்து: நிர்வாகத்துடையது ஒன்று, குடியிருப்பவருடையது ஒன்று. இரண்டாவதை வாங்காமல் வருகிறவர்கள்தான் அதிகம். அது மன்னிக்கக்கூடிய சோம்பல் இல்லை.

7 பேர்ச் அளவுக் காணியில் கட்டிய தனி வீடு என்றால், உறுதி (காணிப் பத்திரம்) யார் பெயரில் என்று பார்த்து அவரிடமே வாங்க வேண்டும். ஆனாலும் வீட்டுக்குப் போகும் ரோடு தோட்டத்து ரோடு. வான் நிறுத்தவாவது ஒபிசுக்குச் சொல்லியாக வேண்டும்.

பெப்ரவரி 5

துரைக்குக் கடிதம். ஒரே பக்கம், ஆங்கிலத்தில். ஒபிசில் கோப்பு அந்த மொழியில்தான் ஓடும். இருக்க வேண்டியவை: எந்த டிவிசன், எந்தத் தேயிலை மலை (இலக்கத்தோடு), திகதி, காலை எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, ஆட்கள் எத்தனை பேர், வாகனம், ஜெனரேட்டர் உண்டா இல்லையா, யாருக்கும் சம்பளம் இல்லாத சிறு படம் என்பது. மழை வந்தால் என்று கட்டாயம் ஒரு மாற்றுத் திகதி. அதை எழுதாமல் விட்டால் இரண்டாம் தடவை முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும். பல தோட்டங்களில் துரை தானாக முடிவெடுக்க மாட்டார், கொழும்புத் தலைமையகத்துக்கு அனுப்புவார். மூன்று கிழமை ஒதுக்குவது நல்லது.

கதைச் சுருக்கம் ஐந்து வரி. லயத்துக் கூரை ஒழுகுவதையோ சம்பளப் பிரச்சினையையோ பேசும் படம் என்றால் அதை மறைத்து, “தேயிலையின் அழகு” என்று எழுதக் கூடாது. பொய்யில் வாங்கிய அனுமதியைப் பாதியில் திரும்பப் பெறலாம். வீடு தந்த குடும்பம் அதற்குப் பிறகும் அந்தத் தோட்டத்தில்தான் வாழ வேண்டும். தோட்டம் மறுத்துவிட்டால் உறுதியுள்ள தனி வீட்டில், சிறு தோட்டக்காரரின் தேயிலையில் எடுக்கலாம்.

தோட்டத் தலைவர்களிடமும், அதாவது தோட்டத்தில் தொழிற்சங்கங்களின் ஆட்களிடமும், முன்கூட்டியே ஒரு வார்த்தை. ஒரு சங்கத்துக்காரரிடம் மட்டும் சொல்லிவிட்டு மற்றவரை விட்டால் அது படப்பிடிப்பு நாளில் தெரியும்.

பெப்ரவரி 9

கொழுந்து எடுக்கும் காட்சி. எடுத்த கொழுந்தின் நிறுவை குறைந்தால் அன்றைக்கு அரைப் பேர், அதாவது அரைநாள் கூலிதான். “அக்கா, இன்னொருக்கா நிமிந்து பாருங்க” என்று பத்துத் தடவை கேட்டால் அது அவருடைய கூலியிலிருந்து போகிறது. தூரத்துக் காட்சிகளை வேலை நேரத்தில் தொந்தரவில்லாமல் எடுத்துக்கொண்டு, முகம் தெரியும் காட்சிகளை, கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் நிறுவை முடிந்த பிறகோ ஞாயிறிலோ வைக்கலாம். வேலை நேரத்தில்தான் வேண்டும் என்றால் அந்தப் பேருக்கான காசைக் கையில் கொடுத்துவிட வேண்டும். பணமே இல்லாத படத்திலும் இதற்கு மட்டும் பணம் இருக்க வேண்டும்.

பெக்டரிக்குள் புகை மெஷின், ஊதுபத்தி, வாசனை ஸ்பிரே எதுவும் கூடாது. வாடும் கொழுந்து எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும்.

பெப்ரவரி 12

வெளியிடங்கள். பிரதேச சபை ரோட்டுக்குச் சபைச் செயலாளர், அத்தோடு பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்குக் கடிதம். பிரதியில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவம் மே வெசாக் வரை போகும். 23ஆம் திகதி நவம் போயா (பௌர்ணமி விடுமுறை), வெள்ளிக்கிழமை. அந்த வார இறுதியில் ஹட்டன்–மஸ்கெலியா ரோட்டை நினைக்கவே வேண்டாம்.

ஸ்டேசனில் எடுக்க ஸ்டேசன் மாஸ்டரின் தலையசைப்புப் போதாது. கொழும்பில் புகையிரதத் திணைக்களத் தலைமையகத்தின் எழுத்து வேண்டும். ஹோர்ட்டன் சமவெளி வனஜீவராசிகள் திணைக்களத்தின் கீழ். காசல்ரீ, மவுசாகலை அணைக்கட்டுப் பக்கம் கமராவைத் திருப்பும் முன் காவலில் இருப்பவரிடம் கேட்க வேண்டும். ட்ரோனுக்குச் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் பதிவு, பாதுகாப்பு அமைச்சின் அனுமதி. இந்த அலைச்சலுக்குக் கோயில் மேட்டில் ஏறி நின்று எடுப்பது மேல்.

பெப்ரவரி 16

ஆட்களின் சம்மதப் படிவம். தமிழில், எட்டு வரிக்குள்:

“நான் …, அடையாள அட்டை இலக்கம் …, … தோட்டம், … டிவிசன். … ஆம் திகதி எடுத்த என் உருவத்தையும் குரலையும் ‘…’ படத்தில் சேர்க்கவும், அதைத் திரையரங்கு, விழா, தொலைக்காட்சி, இணையம் எதிலும் காட்டவும் சம்மதிக்கிறேன். இதற்காக ரூபா … பெற்றேன் / பணம் எதுவும் பெறவில்லை.”

‘இணையம்’ என்ற சொல்லை விட்டவர்கள் யூடியூபில் ஏற்றும்போது ஒவ்வொரு வீடாகத் திரும்ப ஏற வேண்டிவரும். வாசிக்கத் தெரியாதவருக்குப் படிவத்தைச் சத்தமாக வாசித்து, அவர் சம்மதம் சொல்வதைக் கமராவில் பதிந்து, பெருவிரல் அடையாளமும் இரண்டு சாட்சிக் கையெழுத்தும். சாட்சி படக்குழுவில் இருந்து வரக் கூடாது.

18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர். பல பிள்ளைகள் அம்மாயியோடு (அம்மாவின் அம்மாவோடு) இருக்கிறார்கள். அம்மா கொழும்பிலோ குவைத்திலோ. அம்மாயியின் கையெழுத்தோடு நிறுத்தாமல், அம்மாவுக்குப் படிவத்தைப் போனில் அனுப்பி, கையெழுத்திட்ட படத்தையும் குரல் பதிவையும் வாங்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்குள் எடுப்பதென்றால் அதிபரோடு வலயக் கல்வி அலுவலகமும்.

பெப்ரவரி 19

சுவரையும் காதையும் பார்க்க வேண்டிய நாள். நடுச்சுவரில் சினிமாப் போஸ்டர், கட்சித் தலைவர் படம் போட்ட கலண்டர், பெக்டரிப் பெயர் அச்சிட்ட சாக்கு: வீட்டாரிடம் கேட்டுக் கழற்றி, முடிந்ததும் அதே ஆணியில் மாட்ட வேண்டும். முன்கூட்டியே போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் எது எங்கே இருந்தது என்று குழம்பாது. கோயில் ஸ்பீக்கரில் ஓடும் சினிமாப் பாட்டு வசனத்துக்குள் ஒருமுறை விழுந்தால் பிரித்தெடுப்பது பெரும்பாடு. 2003இன் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் அந்தப் பாட்டுக்கு உரிமைக்காரர் இருக்கிறார். திருவிழாத் திகதியைக் கோயில் கமிட்டியிடம் கேட்டு, அதைத் தவிர்த்து நாள் குறிப்பது இலகு.

பெப்ரவரி 21

படிவங்களைப் போல்பொயின்ட் பேனையால் நிரப்ப வேண்டும். ஜெல் மை பனியில் ஊறிவிடும். கையெழுத்து விழுந்த நிமிடமே ஒரு படம். அதில் அவர் முகமும் பக்கத்தில் படிவமும். ஒரு பிரதி அந்த வீட்டிலேயே, அரிசி வாளிக்கு மேல் தட்டில், பிளாஸ்டிக் கவரில்.