மேடு பள்ளத்து ஜீப்புக்கு மூட்டு தேடிய கதை

கடந்த மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஒடுகத்தூரைத் தாண்டி ஜவ்வாது மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் தென்னந்தோப்பிலிருந்து திரும்பும்போது, கானாற்றின் கரையில் ஏறிக்கொண்டிருந்த என் பழைய மகிந்திரா எம்.எம். 540 ஜீப்பின் பின்புறத்தில் ‘டங்’ என்று ஓர் ஓசை கேட்டது. இறங்கிப் பார்த்தபோது, இடப்பக்கப் பின்சக்கரம் ஒரு சாண் முன்னே வந்து மட்கார்டை முட்டிக்கொண்டு நின்றது. மணலில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். அச்சை வண்டியின் சட்டமான சேசிஸோடு இணைக்கும் கீழ்க் குழாயின் (லிங்க்), சேசிஸ் முனையில் இருந்த ராட் எண்ட் என்ற மூட்டு, அதை அசையாமல் பூட்டும் செக் நட்டுக்கு வெளியே தெரியும் முதல் மரையில் முறிந்திருந்தது. முறிந்த முகத்தில் பாதிக்கு மேல் பழுப்பேறி, கிளிஞ்சலின் முதுகில் காணும் வரிகளைப் போன்ற வளைவுகளுடன் இருந்தது; மீதிப் பகுதி அப்போதுதான் உடைத்த கருங்கல் சல்லியைப் போலச் சாம்பல் நிறத்தில் மினுங்கியது. பழுப்புப் பகுதி பல வாரங்களாக மெல்ல வளர்ந்த விரிசல், மினுங்கிய பகுதி அன்று மாலை முறிந்தது என்பதைப் புரிந்துகொள்ள உலோகவியல் படித்திருக்க வேண்டியதில்லை.

அந்த மூட்டை வாங்கியபோது நான் கவனக்குறைவாக இருந்தேன் என்று சொல்ல முடியாது. விலைப்பட்டியலைப் படித்து, கணக்குப் போட்டு, தேவையைப் போலப் பல மடங்கு சுமை தாங்கும் என்று உறுதி செய்துகொண்டே வாங்கினேன். பிழை எங்கே நேர்ந்தது என்று கண்டுபிடிக்க இரண்டு மாதங்கள் ஆயின. இதே வேலையில் இறங்க நினைக்கும் நண்பர்கள் சிலர் கேட்டுக்கொண்டதால், அதை இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு பின்னணி. பழைய ஜீப்பில் பட்டை ஸ்பிரிங் இரண்டு வேலைகளைச் செய்கிறது: வண்டியின் பாரத்தைத் தாங்குகிறது, அச்சு முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகராமல் பிடித்தும் வைக்கிறது. அதை எடுத்துவிட்டுச் சுருள் ஸ்பிரிங் பொருத்தினால், சுருளுக்குப் பாரம் தாங்க மட்டுமே தெரியும் என்பதால், அச்சைப் பிடித்து வைக்க லிங்க்குகள் எனப்படும் உருக்குக் குழாய்கள் வேண்டும். நான் பின்னச்சுக்குக் கீழே இரண்டும், மேலே சாய்வாக உட்குவிந்த இரண்டுமாக நான்கு லிங்க்குகள் அமைத்தேன். நான்கு லிங்க் என்றால் எட்டு முனைகள், எட்டு மூட்டுகள். 2020-இல் வந்த தார் வண்டியின் பின்னச்சிலும், 2023-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ஜிம்னியின் இரண்டு அச்சுகளிலும் சுருளும் லிங்க்குகளும்தான் இருக்கின்றன. ஆனால் அவற்றின் லிங்க் முனைகளில் எல்லாம் இருப்பது ரப்பர் புஷ், அதாவது போல்ட்டைச் சுற்றி உட்காரும் ரப்பர் உருளை. இதை நான் முன்பே பார்த்திருந்தும், தொழிற்சாலைக்காரர்கள் சிக்கனத்துக்காக ரப்பர் வைக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டேன். அது என் அறியாமை.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும், 2019 ஜனவரியில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும், உற்பத்தியாளர் கொடுத்த அடிப்படை விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றுவதை அனுமதிப்பதில்லை. என் ஜீப் தோப்புக்குள்ளும், தனியார் நிலத்தில் நடக்கும் மேடு பள்ள ஓட்டங்களிலும் மட்டுமே ஓடுவதாக இருக்க வேண்டும் என்று இப்போது முடிவு செய்துவிட்டேன். மேலே சொன்ன கானாற்றுப் பாதையில் அன்று போனதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

இனி மூட்டுக்கு வருகிறேன். ராட் எண்ட் என்பது, துளையிட்ட ஓர் உருக்குக் குண்டு, அதைச் சுற்றிப் பிடிக்கும் வளையம், அந்த வளையத்திலிருந்து நீளும் மரையிட்ட தண்டு ஆகிய மூன்றும் சேர்ந்த எளிய பொருள். அமெரிக்காவில் இதை ஹீம் ஜாயின்ட் என்றும், இங்கிலாந்தில் ரோஸ் ஜாயின்ட் என்றும் சொல்வார்கள். நம் பக்கத்தில் தோல் பதனிடும் ஆலைகளின் இயந்திரங்களுக்கும் ஹைட்ராலிக் சிலிண்டர்களுக்கும் இதே பொருள் தேவைப்படுவதால், பேரிங் கடைகளில் கேட்டால் அலமாரியிலிருந்து எடுத்துத் தருவார்கள். நானும் 20 மி.மீ. துளை கொண்டதை எட்டாக வாங்கினேன். பட்டியலில் அதன் நிலைச் சுமை டன் கணக்கில் போடப்பட்டிருந்தது. அதே வரிசையில், நான்கு கட்டம் தள்ளி, சாய்வுக் கோணம், அதாவது வளையத்துக்குள் குண்டு ஒரு பக்கத்துக்குச் சாயக்கூடிய அளவு, 9 டிகிரி என்றும் போடப்பட்டிருந்தது. சுமையை மூன்று முறை படித்தவன், கோணத்தை ஒரு முறைதான் படித்தேன்.

இங்கே பலரும் குழப்பிக்கொள்ளும் ஓர் இடம் இருக்கிறது. சக்கரம் 250 மி.மீ. மேலே ஏறும்போது, 800 மி.மீ. நீளமுள்ள லிங்க் ஏறத்தாழ 18 டிகிரி மேல்நோக்கித் திரும்புகிறது. ஆனால் அது போல்ட்டைச் சுற்றிய சுழற்சி. கதவுக் கீலைப் போல எந்த மூட்டும் அதை எளிதில் செய்துவிடும். மூட்டைச் சோதிப்பது வேறொன்று. ஒரு சக்கரம் பாறை மேலும் மறு சக்கரம் பள்ளத்திலும் இருக்கும்போது அச்சு வண்டிக்குக் குறுக்கே சாய்கிறது. ஒரு மீட்டர் அகலத்தில் 300 மி.மீ. ஏற்றத்தாழ்வு என்றால் சாய்வு கிட்டத்தட்ட 17 டிகிரி. அச்சில் உள்ள போல்ட்டும் அந்த 17 டிகிரி சாய்கிறது. சேசிஸில் உள்ள போல்ட் நேராக இருக்கிறது. இந்த வேறுபாட்டை லிங்க்கின் இரண்டு முனைகளும் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டு முனைக்கும் 9 டிகிரி வீதம் 18 டிகிரி கிடைக்கிறது, தேவை 17 என்று தாளில் எழுதி, ஒரு டிகிரி மிச்சம் என்று மகிழ்ந்தேன். செக் நட்டை இறுக்கும்போது ராட் எண்டும் சேர்ந்து சற்றே திரும்பிவிடும் என்பதும், ஒரு முனையின் வளையம் மறு முனையின் வளையத்துக்கு இணையாக நிற்காமல் நான்கைந்து டிகிரி கோணலாக நின்றால் என் மிச்சம் முழுவதும் போய் அதற்கு மேலும் போய்விடும் என்பதும் அந்தத் தாளில் இல்லை. வண்டி முழுச் சாய்வுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் குண்டு எல்லையை முட்டியது; முட்டியதும் தண்டை முறுக்கியது; முறுக்கு செக் நட்டைத் தளர்த்தியது; தளர்ந்த மரை ஆட்டம் கொடுக்க, அந்த ஆட்டத்தில் தண்டு வளைந்து வளைந்து முதல் மரையின் பள்ளத்தில் விரிசல் விட்டது. சுமைக் கணக்கில் எந்தத் தவறும் இல்லாமலே மூட்டு முறிந்ததற்குக் காரணம் இதுதான்.

சுமைக் கணக்கையும் இங்கே தந்துவிடுகிறேன், ஏனெனில் அதிலும் ஒரு வியப்பு இருக்கிறது. பின்சக்கரங்கள் தரையை 1000 கிலோ விசையுடன் தள்ளுவதாக வைத்துக்கொள்ளுங்கள். கீழ் லிங்க்குகளுக்கும் அதே 1000 கிலோதான் வரும் என்று தோன்றும். என் ஜீப்பில் அச்சின் நடுவிலிருந்து தரை 380 மி.மீ. கீழே இருக்கிறது, கீழ் லிங்க் 50 மி.மீ. கீழேயும் மேல் லிங்க் 150 மி.மீ. மேலேயும் பிடிக்கின்றன. நெம்புகோல் கணக்கின்படி கீழ் லிங்க்குகள் இரண்டும் சேர்ந்து 2650 கிலோ அழுத்தத்தையும், மேல் லிங்க்குகள் 1650 கிலோ இழுவிசையையும் தாங்க வேண்டியிருக்கிறது. ஒரு சக்கரம் காற்றில் நிற்கும்போது இதில் பெரும்பங்கு ஒரே பக்கத்து மூட்டுக்குப் போகலாம். பாறையில் இடித்தால் அதற்கு மேலும் ஏறும். மேல் பிடிமானத்தை வெறும் 50 மி.மீ. உயர்த்தினால் கீழே 2320, மேலே 1320 என்று குறைகிறது. விலையுயர்ந்த மூட்டுக்குச் செலவிடும் முன், பிராக்கெட்டை உயர்த்த முடியுமா என்று பார்ப்பது மலிவான வழி. நான் இரண்டாம் முறை அதைத்தான் முதலில் செய்தேன்.

கோணம் போதவில்லை என்றால், குண்டின் இரு பக்கமும் கூம்பு வடிவ ஸ்பேசர் வைத்துக் கூட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். அது உண்மை. ஆனால் அந்த ஸ்பேசர் குண்டின் துளைக்குள் நுழைவதால் போல்ட் மெலிகிறது. முக்கால் அங்குல போல்ட்டுக்குப் பதிலாக ஐந்தெட்டு அங்குலம் போட்டால் குறுக்கு வெட்டுப் பரப்பில் சுமார் 30 விழுக்காடு போய்விடும். அப்படிச் செய்வதானால் போல்ட், வலிமையைக் குறிக்க அதன் தலையில் பொறிக்கும் எண்ணில், 10.9 தரத்துக்குக் குறையக் கூடாது. பிராக்கெட்டும் ஒற்றைத் தகடாக இல்லாமல் இரு தகடுகளுக்கு நடுவே மூட்டைப் பிடிப்பதாக இருக்க வேண்டும்.

பிராக்கெட்டுகளை மறுபடியும் பற்றவைத்துத் தந்தவர், ராணிப்பேட்டை பி.எச்.இ.எல். ஆலையில் வெல்டராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். முறிந்த துண்டை உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, “ரப்பர் போறதுக்கு முன்னாடி கத்தும் தம்பி. இது கத்தாது” என்றார். பல்லாயிரம் கிலோமீட்டர் மண் ஏற்றிச் செல்லும் டிப்பர் லாரிகளின் பின்னச்சுகளைப் பிடித்து வைக்கும் டார்க் ராட்டில் என்ன புஷ் இருக்கிறது என்று போய்ப் பார்க்கச் சொன்னதும் அவர்தான். பெங்களூரு நெடுஞ்சாலை ஓரத்து லாரி உதிரிபாகக் கடையில் அது அன்றே கிடைத்தது: நடுவில் உருண்டையான உருக்குப் பின், அதைச் சுற்றிக் கெட்டியாக ஒட்டவைத்த ரப்பர். சாய்வு சில டிகிரிதான் கொடுக்கும் என்றாலும், அதிர்ச்சியை விழுங்கும், கிரீஸ் வேண்டாம், மணல் புக இடமில்லை. லிங்க் தன் விருப்பத்துக்குச் சரியாமல் நடுநிலைக்குத் திரும்பி வருவதும் இந்த ரப்பரால்தான். எனவே கீழ் லிங்க்குகளின் அச்சு முனைக்கு இதையே தேர்ந்தெடுத்தேன்.

ரப்பர் புஷ் வைப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. ஒட்டிய ரப்பர் சுழல்வதில்லை, முறுக்கிக்கொள்கிறது. ஆகவே வண்டி தன் சக்கரங்களில், தன் பாரத்துடன் நிற்கும் நிலையில்தான் போல்ட்டை இறுதியாக இறுக்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் என் கார் ஒன்றுக்கு ஒரு பட்டறையில், சக்கரங்கள் தொங்கிக்கொண்டிருக்கும்போதே இறுக்கி அனுப்பிவிட்டார்கள். இறங்கி நின்ற கணம் முதல் ரப்பர் முறுக்கிலேயே இருந்து, நான்கு மாதத்தில் கிழிந்தது. புஷ் மட்டம் என்று கடைக்காரரைக் குறை சொன்னார்கள்.

ரப்பரைவிட விறைப்பான நெகிழியான பாலியூரிதேனில் செய்த புஷ்ஷைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. போல்ட்டைச் சுற்றி மட்டும் திரும்பும் இடங்களுக்கு, அதாவது பட்டை ஸ்பிரிங்கின் முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஷாக்கிளுக்கு, அது நல்லது. குறுக்குச் சாய்வு வரும் லிங்க் முனையில் விறைத்துக்கொண்டு நிற்கும். வெயிலூர் என்று நாமே கேலி பேசும் நம் வேலூரில் கிரீஸ் உலர்ந்ததும் அது எழுப்பும் கீச்சொலியையும் சேர்த்துக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

சேசிஸ் முனைக்கு வேறொரு மூட்டு வேண்டியிருந்தது. அமெரிக்காவின் கரி நிறுவனம் ஜானி ஜாயின்ட் என்ற பெயரில் பரவலாக்கிய அமைப்பு இது: உருக்குக் குண்டை இரண்டு கெட்டியான நெகிழிக் கிண்ணங்கள் பிடித்திருக்கும், அவற்றை ஒரு ஸ்னாப் ரிங் பூட்டியிருக்கும், கிரீஸ் நிப்பிள் உண்டு. இரு பக்கமும் சேர்த்துச் சுமார் 30 டிகிரி, அதாவது ஒரு பக்கத்துக்கு 15 டிகிரி சாயும். மறு முனையின் ரப்பர் கொடுக்கும் சில டிகிரியுடன் சேர்ந்தால் என் 17 டிகிரி நிறைவேறி, கோணல் பொருத்தத்துக்கும் சிறிது இடம் மிஞ்சுகிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது, தேய்ந்தால் மூட்டையே தூக்கி எறிய வேண்டியதில்லை என்பது. டெல்ரின் என்ற பெயரில் கிடைக்கும் அசிட்டால் தண்டை வாங்கிக் கொடுத்தால், காட்பாடியில் உள்ள லேத் பட்டறையிலேயே கிண்ணத்தைக் கடைந்து தருகிறார்கள்.

மீதமிருந்தது பாலாற்று மணல். மழைக்காலம் தவிர மற்ற மாதங்களில் எங்கள் ஓட்டங்கள் பெரும்பாலும் மணலில்தான் நடக்கும், அந்த மணல் கிரீஸில் கலந்தால் அரைக்கும் பசையாகிவிடும். டெஃப்லான் பூச்சுள்ள ராட் எண்டுக்குக் கிரீஸ் போடவே கூடாது என்பதற்கும் இதுதான் காரணம். கிரீஸ் மணலை அழைத்து உட்கார வைக்கும். கிரீஸ் மூட்டுக்கோ உறை வேண்டும். ஆம்பூரில் காலணித் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் என் மைத்துனர், மேல்தோல் வெட்டில் மிஞ்சிய துண்டுகளைக் கொண்டுவந்து, சட்டைக் கைப்பட்டியைப் போன்ற உறைகளாகத் தைத்துக் கொடுத்தார். உள்ளே கிரீஸை நிரப்பி, இரு ஓரத்திலும் கிளிப் போட்டுக் கட்டினேன். ஆறு மாதம் கழித்து ஒன்றை அவிழ்த்தபோது கிரீஸ் போட்ட நிறத்திலேயே இருந்தது. விரலில் தேய்த்துப் பார்த்தேன், நெறுநெறுப்பு இல்லை.

ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் செக் நட்டின் மேல் போட்ட வெள்ளைப் பெயின்ட் கோடு நகர்ந்திருக்கிறதா என்று பார்க்கிறேன். மாதம் ஒரு முறை, என் மகன் கடப்பாரையால் லிங்க்கை மெல்ல நெம்ப, நான் குண்டுக்கும் வளையத்துக்கும் நடுவே விரலை வைத்து ஆட்டம் தெரிகிறதா என்று கவனிக்கிறேன். கண்ணுக்குத் தெரியும் முன்பே விரலுக்கு அது தெரிந்துவிடும். மேல் லிங்க்குகளில் மட்டும் இன்னும் பழைய ராட் எண்டுகள் நான்கு இருக்கின்றன. அவற்றையும் மாற்றும் வரை தோப்பு வேலியைத் தாண்டி ஜீப்பை எடுப்பதில்லை. கிண்ணங்கள் லேத்தில் தயாராகிவிட்டதாக நேற்றுத் தகவல் வந்தது.