நாக் மாதா கோயில்: ஒரு பங்குக் கோயிலும் அதைச் சுற்றி வந்த ஊரும்

அயர்லாந்தில் பழைய ஊர்களுக்குப் போனால் பெரும்பாலும் இரண்டு கோயில்கள் கண்ணில் படும். ஊர் நடுவே பழங்கல்லறைகளோடு நிற்பது புராட்டஸ்டண்ட் கோயில். கத்தோலிக்கக் கோயில் ஓரமாக ஒதுங்கியிருக்கும். 16ஆம் நூற்றாண்டில் பழைய பங்குக் கோயில்கள் அரசு சார்ந்த புராட்டஸ்டண்ட் சபையின் கைக்குப் போய்விட்டன. மக்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கராகவே இருந்து, பாறை மறைவிலும் கூரைக் கொட்டகையிலும் பூசை கண்டார்கள். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கத்தோலிக்கருக்கு எதிரான தடைச் சட்டங்கள் தளர்ந்த பிறகு, இடம் கிடைத்த மூலையில் கோயில் எழுப்பினார்கள்.

மேற்கு அயர்லாந்தின் மேயோ கவுண்டியில் (மாவட்டம்) உள்ள நாக் என்ற ஊரின் கோயிலும் அப்படி வந்ததுதான். கட்டிய ஆண்டு 1828; கத்தோலிக்கர் நாடாளுமன்றத்தில் அமர உரிமை பெற்றது அதற்கு மறு ஆண்டு. திருமுழுக்கு யோவான் பெயரில் அமைந்த எளிய பங்குக் கோயில், சுற்றிலும் சில வீடுகள், ஏழைக் குத்தகை விவசாயிகள். 1879இல் விளைச்சல் பொய்த்துக் குத்தகை கட்ட வழியில்லாமல் போனது. நில உரிமைக்கான இயக்கம் அதே ஆகஸ்டில் மேயோவின் காசில்பாரில் அமைப்பாகத் திரண்டது.

அந்த ஆகஸ்ட் 21, வியாழன் மாலை, கொட்டும் மழை. கோயிலின் தெற்கு முகட்டுச் சுவரருகே ஊரார் சிலர் ஒரு காட்சி கண்டார்கள். சுவரருகே ஒளி. நடுவில் மகுடத்தோடு தேவமாதா, ஒரு பக்கம் தலை தாழ்த்திய சூசையப்பர், மறுபக்கம் ஆயரின் தொப்பியும் கையில் புத்தகமுமாக நற்செய்தியாளர் யோவான், அருகே பீடத்தின்மேல் செம்மறி. காட்சியைக் கண்டவர்களில் ஒருவரான மேரி பர்ன் அவரை யோவான் என்று சொன்னது, லெகான்வி என்ற ஊரின் கோயிலில் பார்த்த சுரூபத்தை வைத்துத்தான். மூதாட்டி பிரிட்ஜெட் ட்ரெஞ்ச் மாதாவின் பாதத்தை முத்தமிடக் குனிந்தார். கைக்கு எதுவும் தட்டுப்படவில்லை, ஆனால் அங்கே தரை ஈரமில்லாமல் இருந்தது என்றார். மாதா ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. லூர்து, பாத்திமா காட்சிகளிலிருந்து நாக் வேறுபடுவது இதில்தான். பங்குத் தந்தை கவானா அன்றிரவு வெளியே வரவேயில்லை. அக்டோபரில் விசாரணைக் குழு 15 பேரின் சாட்சியத்தைப் பதிவு செய்தது. இளையவனுக்கு 5 வயது.

பிறகு வந்தவர்கள் சுவரின் காரையைப் பெயர்த்து மருந்தாக எடுத்துப்போனார்கள். சுவர் மூளியாகி, பலகை அடித்து மறைக்க வேண்டியதாயிற்று. பக்தியே சுவருக்குப் பகையான கதை.

இன்றைய ஊரைப் பெருமளவு வடிவமைத்தவர் 1967இல் பங்குத் தந்தையான ஜேம்ஸ் ஹோரன். 1976இல் பெரிய பசிலிக்கா. 1979 செப்டம்பர் 30இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் வருகை. 1986இல் விமான நிலையம். சதுப்பு மேட்டில் ஓடுதளமா என்று பலர் நகைத்தார்கள். அது இன்றும் இயங்குகிறது.

போகிறவர்கள் செய்யும் தவறு, நேரே பசிலிக்காவுக்குள் நுழைவது. முதலில் பழைய பங்குக் கோயிலுக்குப் போங்கள். அளவில் சிறியது, ஆனால் எல்லாம் தொடங்கிய இடம் அதுதான். வழக்கமான வேண்டுதல் முறை இது: நற்கருணை முன் சற்று நேரம், சிலுவைப் பாதை, கோயிலை வெளியே சுற்றியபடி ஜெபமாலை, கடைசியில் முகட்டுச் சுவர் முன் மாதா மன்றாட்டு மாலையும் விசுவாசப் பிரமாணமும். காட்சிச் சிற்றாலயம் அந்தச் சுவரை ஒட்டியே கண்ணாடி முகப்போடு இருக்கிறது. வெண்பளிங்குச் சுரூபங்கள் காட்சியில் கண்ட வரிசையிலேயே நிற்கின்றன. சுற்றுவது திறந்த வெளியில். மேற்கு அயர்லாந்தின் மழை காற்றோடு சாய்ந்து அடிக்கும், குடை மடங்கிவிடும். தொப்பி வைத்த மழைக்கோட்டும் வழுக்காத செருப்பும் போதும். தீர்த்தம் குழாய்களில் பிடிக்கலாம். காலி பாட்டிலைக் கையோடு கொண்டுபோனால் கடையில் வாங்க வேண்டாம்.

நவநாள் ஆகஸ்ட் 14 முதல் 22 வரை. கூட்டம் நெரியும், தங்குமிடம் முன்கூட்டியே நிரம்பிவிடும்; அமைதியாக ஜெபிக்க விரும்பினால் வசந்தகால வார நாட்கள் மேல். பெயரை நம்பி விமான நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம் என எண்ண வேண்டாம். அது சார்ல்ஸ்டவுன் பக்கம், திருத்தலத்துக்குச் சுமார் 20 கி.மீ. ரயிலில் வருபவர்கள் டப்ளின்–வெஸ்ட்போர்ட் பாதையில் கிளேர்மோரிஸில் இறங்க வேண்டும். அங்கிருந்து சுமார் 11 கி.மீ.; ரயில் நேரத்துக்குப் பேருந்து பொருந்தாவிட்டால் டாக்சிதான். திரும்பும் வண்டியின் நேரத்தை இறங்கியதுமே பார்த்துக்கொள்ளுங்கள், ஞாயிற்றுக்கிழமையில் கட்டாயம்.